ஐஆர்சி நிக் சிக்கல்கள்: என்ன மெசேஜ் வந்தா என்ன பண்ணணும்

ஐஆர்சி-ங்கறது எழுத்துல பேசற பழைய சாட் முறை, அதுல நீங்க வச்சுக்கற பேர் தான் நிக், பல பேர் சேந்து பேசற அறை தான் சேனல். இது லிபெரா சாட்ங்கற ஐஆர்சி நெட்வொர்க்க வச்சு எழுதினது. லினக்ஸ், பைத்தான், விக்கிப்பீடியான்னு ஓப்பன் சோர்ஸ் கூட்டம் நெறைய இப்ப அங்க தான் இருக்கு. அங்க நிக்க பதிவு பண்ணி வச்சுக்கற நிக்செர்வ்ங்கற சர்வீஸுக்குப் பின்னாடி ஓடுறது ஆதீம்ங்கற சாஃப்ட்வேர், அதனால ஆதீம் வச்சிருக்கற மத்த நெட்வொர்க்லயும் இதே கமாண்டுங்க பெரும்பாலும் ஓடும். ஓஎஃப்டிசி, டால்நெட் மாதிரி வேற ஐஆர்சி நெட்வொர்க்ல மாறுற விஷயத்த அங்கங்க சொல்லிடறேன்.

கமாண்ட எல்லாம் தமிழ் எழுத்துல போட்டிருக்கேன், நீங்க அடிக்கும்போது ஆங்கில எழுத்துல அடிக்கணும். எம்எஸ்ஜி-ன்னா அந்த மூணு எழுத்து மட்டும் தான், முழு மெசேஜ்ங்கற வார்த்தை இல்ல. உதாரணத்துக்கு நிக் பேரு குருவி-ன்னு வச்சுக்கறேன், அதுவும் ஆங்கில எழுத்துல தான்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்த மட்டும் மண்டையில ஏத்திக்கோங்க, கீழ வர்ற பாதி பிரச்சனை இதுல தான் பொறக்குது. நிக் வேற, அக்கவுண்ட் வேற. 1988-ல ஃபின்லாந்துல ஔலு யூனிவர்சிட்டில யார்க்கோ ஓய்காரினென் ஐஆர்சி எழுதினப்ப நிக்குக்கு சொந்தக்காரர்னு ஒருத்தரே கிடையாது, யார் முதல்ல வந்து வச்சாங்களோ அவங்க இருக்கற வரைக்கும் அவங்களுது, அவ்ளோதான். நிக்செர்வ்ங்கறது பின்னாடி ஒட்ட வச்ச ஒரு சர்வீஸ், 1994-ல ஆரம்பிச்ச டால்நெட் தான் அத பரவலாக்குனது. நீங்க ரெஜிஸ்டர் பண்ணும்போது நிக்செர்வ் ஒரு அக்கவுண்ட் போட்டு, அந்த அக்கவுண்ட் கீழ உங்க நிக்க எழுதி வச்சுக்குது. நீங்க குருவிங்கற பேர்ல உக்காந்திருந்தா மட்டும் நீங்க குருவி ஆயிட மாட்டீங்க, அந்த அக்கவுண்ட்ல லாகின் ஆயிருக்கணும். லாகின் ஆயிட்டா வேற ஏதோ நிக்ல இருந்தாலும் நெட்வொர்க்குக்கு நீங்க குருவி தான்.

எந்த சிக்கல் வந்தாலும் முதல்ல இத அடிச்சுப் பாருங்க:

/ஹூஈஸ் குருவி

வர்ற வரிகள்ல "ஈஸ் லாக்ட் இன் ஆஸ் குருவி"ன்னு ஒன்னு இருந்தா லாகின் ஆயிருக்கீங்க. அந்த வரி இல்லன்னா ஆகல, உங்க க்ளையன்ட் (ஐஆர்சி-க்கு கனெக்ட் ஆக நீங்க ஓட்டற சாஃப்ட்வேர்) என்ன பச்சை விளக்கு காட்டினாலும் சரி. (இப்ப வேற நிக்ல இருந்தா குருவிக்கு பதில் அந்த நிக்க போட்டு பாருங்க.)

ரெஜிஸ்டர் பண்ணேன், ஆனா ஆன மாதிரியே தெரியல

குருவிங்கற நிக்லயே இருந்துக்கிட்டு இத அடிக்கணும்:

/எம்எஸ்ஜி நிக்செர்வ் ரெஜிஸ்டர் பாஸ்வேர்ட் மெயில்-ஐடி

பாஸ்வேர்ட் முதல்ல, மெயில் அப்புறம். மாத்தி போட்டா மெயில் ஐடி சரியில்லன்னு திட்டும். சரியா போட்டா உங்க மெயிலுக்கு ஒரு கோட் வரும், அதோட ஒரு முழு கமாண்டும் இருக்கும், அத அப்படியே காப்பி பண்ணி சாட்ல ஒட்டணும். வெரிஃபை ரெஜிஸ்டர், அப்புறம் நிக், அப்புறம் கோட்னு வரும். இத பண்ணாம விட்டா ஒரு நாள்ல அந்த ரெஜிஸ்ட்ரேஷன் தானா கழண்டுடும், மறுநாள் வந்து "நான் நேத்து தான் ரெஜிஸ்டர் பண்ணேனே"ன்னு கேக்கறவங்க எல்லாருமே இந்த மெயில தொறக்காதவங்க தான்.

மெயில் வரலன்னா ஸ்பாம் ஃபோல்டர பாருங்க, அங்கயும் இல்லன்னா மெயில் ஐடில எழுத்துப்பிழை இருக்கான்னு நீங்க அடிச்ச வரிய மேல ஸ்க்ரோல் பண்ணி பாருங்க. பத்து நிமிஷத்துல காணாம போற டெம்ப் மெயில் ஐடிங்கள போடாதீங்க, இன்னைக்கு வேலை செஞ்சாலும் ஒரு வருஷம் கழிச்சு பாஸ்வேர்ட் மறந்தா அந்த மெயில் தான் உங்களுக்கு இருக்கற ஒரே வழி.

மத்த நெட்வொர்க்ல இது கொஞ்சம் மாறும். அனோப்னு இன்னொரு சாஃப்ட்வேர் ஓடுற எடத்துல வெரிஃபைக்கு பதிலா கன்ஃபர்ம்னு போட்டு கோட் குடுக்கணும், வெரிஃபை அடிச்சா அப்படி ஒரு கமாண்டே இல்லன்னு சொல்லும். சில எடத்துல கனெக்ட் ஆன உடனே ரெஜிஸ்டர் பண்ண விடாது, கொஞ்ச நேரம் அந்த நிக்ல இருந்துட்டு வான்னு சொல்லும், இருந்துட்டு அடிங்க. டெபியன் லினக்ஸ் ஆளுங்க இருக்கற ஓஎஃப்டிசி-ல ரெஜிஸ்டர் பண்ண அப்புறம் வெப்சைட்ல ஒரு வெரிஃபிகேஷன் முடிக்கணும், முடிச்சுட்டு சாட்ல வந்து நிக்செர்வ்கிட்ட செக்வெரிஃபைன்னு அடிச்சா தான் அது கவனிக்கும்.

பாஸ்வேர்ட் சேனல்ல எல்லாருக்கும் தெரியற மாதிரி விழுந்துடுச்சு

ஸ்லாஷுக்கு முன்னாடி ஒரு ஸ்பேஸ் விழுந்திருக்கும். எங்கயோ இருந்து காப்பி பண்ணி ஒட்டும்போது முன்னாடி ஒரு ஸ்பேஸ் சேந்து வரும், க்ளையன்ட் அத கமாண்டா எடுக்காம சாதாரண பேச்சா அனுப்பிடும். அழிக்க வழியே இல்ல, ஐஆர்சி-ல அனுப்பினது அனுப்பினது தான், அந்த சேனல்ல பேச்ச தானா பதிவு பண்ணி வைக்கற ப்ரோக்ராம் (பாட்) இருந்தா வெப்லயும் ஏறியிருக்கும். மன்னிப்பு கேட்டுக்கிட்டு நிக்காம உடனே மாத்துங்க:

/எம்எஸ்ஜி நிக்செர்வ் செட் பாஸ்வேர்ட் புதுபாஸ்வேர்ட்

அந்த பழைய பாஸ்வேர்டயே மெயிலுக்கும் வச்சிருந்தீங்கன்னா முதல்ல மெயில்ல போய் மாத்துங்க, அப்புறம் இங்க வாங்க.

இனிமே இப்படி ஆகாம இருக்கணும்னா இந்த மாதிரி கமாண்ட எல்லாம் செர்வர் மெசேஜ் வர்ற அந்த முதல் விண்டோல அடிக்கற பழக்கம் வச்சுக்கோங்க, அங்க தப்பா போனாலும் போய் சேர ஆள் கிடையாது. இதவிட நல்லது கையால பாஸ்வேர்ட் அடிக்கற வேலையையே விட்டுடறது, அது கீழ சாசல் பகுதியில வருது.

"நிக்நேம் ஈஸ் ஆல்ரெடி இன் யூஸ்", என்னை குருவி_ ஆக்கிடுச்சு

433-ங்கற நம்பரோட வர்ற மெசேஜ் இது. நெட் கட்டாகி திரும்ப வந்தா, மொபைல் டேட்டால இருந்து வைஃபைக்கு மாறினா, லேப்டாப்ப மூடி தொறந்தா அடிக்கடி வரும். வேற யாரும் உங்க பேர திருடல. உங்களோட பழைய கனெக்ஷன் செத்துப்போனது செர்வருக்கு இன்னும் தெரியல, பிங் அனுப்பி பதில் வராம சில நிமிஷம் பாத்துட்டு தான் அது வெளிய தள்ளும். அதுவரைக்கும் உங்க பேய் அங்க உக்காந்திருக்கும், கமாண்டுக்கே கோஸ்ட்னு தான் பேரு.

பொறுமை இருந்தா ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சு /நிக் குருவின்னு அடிங்க. இல்லன்னா:

/எம்எஸ்ஜி நிக்செர்வ் ரீகெய்ன் குருவி பாஸ்வேர்ட்

ரீகெய்ன் அந்த பேய விரட்டிட்டு உங்க நிக்கயும் அதுவே மாத்தி குடுத்துடும். கோஸ்ட் கமாண்ட் விரட்டும், ஆனா நிக்க நீங்க தான் மாத்திக்கணும். ஏற்கனவே அக்கவுண்ட்ல லாகின் ஆயிருந்தா பாஸ்வேர்ட் இல்லாமயே ரெண்டும் ஓடும். பழைய கைடுங்க எல்லாம் கோஸ்ட்ட தான் சொல்லும், ரீகெய்ன் இருக்கற எடத்துல அதையே பழகிக்கோங்க.

இதுலயே இன்னொரு வகை இருக்கு. ரெண்டு மூணு எடத்துல, ஆஃபீஸ்ல ஒன்னு வீட்ல ஒன்னு ஃபோன்ல ஒன்னுன்னு க்ளையன்ட் ஓட விட்டிருப்பீங்க, ஒன்னுல ரீகெய்ன் அடிச்சா இன்னொன்னு கட்டாகும், அது திரும்ப கனெக்ட் ஆகி ரீகெய்ன் அடிக்கும், உங்க கூடவே நீங்க சண்ட போட்டுக்கிட்டு இருப்பீங்க, சேனல்ல இருக்கறவங்க வேடிக்க பாப்பாங்க. ஒரே நேரத்துல ஒரு நிக்ல ஒரு கனெக்ஷன் தான் இருக்க முடியும். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நிக் வச்சு எல்லாத்தையும் ஒரே அக்கவுண்ட்ல குரூப் பண்ணுங்க, இல்ல இசட்என்சி மாதிரி ஒரு பவுன்சர் (உங்களுக்காக எப்பவும் கனெக்ட் ஆயே இருக்கற இடைச் சாஃப்ட்வேர்) போட்டு அது வழியா எல்லா க்ளையன்டும் வரட்டும்.

குரூப் பண்றது சுலபம். குருவி அக்கவுண்ட்ல லாகின் ஆயிட்டு, /நிக் குருவி_ஃபோன்னு மாறிட்டு, அந்த நிக்ல இருந்துக்கிட்டே:

/எம்எஸ்ஜி நிக்செர்வ் குரூப்

லாகின் ஆகாம புது நிக்ல போய் ரெஜிஸ்டர் அடிச்சீங்கன்னா அது தனி அக்கவுண்ட் ஆயிடும், அப்புறம் ரெண்டையும் சேக்க முடியாது, ஒன்ன ட்ராப் பண்ணிட்டு திரும்ப குரூப் பண்ணணும்.

பாஸ்வேர்ட் கரெக்ட்டு தான், ஆனா ஏத்துக்க மாட்டேங்குது

என்ன சொல்லி ஏத்துக்கலன்னு மெசேஜ ஒழுங்கா படிங்க, ரெண்டு வகை இருக்கு.

"குருவி_ ஈஸ் நாட் எ ரெஜிஸ்டர்ட் நிக்நேம்"னு வந்தா பாஸ்வேர்டுல ஒன்னும் தப்பு இல்ல. நீங்க வால் முளைச்ச நிக்ல இருந்துக்கிட்டு லாகின் ஆகற கமாண்டான ஐடென்டிஃபைய, ஐடென்டிஃபை பாஸ்வேர்ட்னு மட்டும் அடிச்சிருக்கீங்க, நிக்செர்வ் இப்ப இருக்கற நிக்க வச்சு தேடுது. அக்கவுண்ட் பேரையும் சேத்து குடுங்க:

/எம்எஸ்ஜி நிக்செர்வ் ஐடென்டிஃபை குருவி பாஸ்வேர்ட்

எப்பவுமே இப்படி ரெண்டையும் குடுத்துட்டா இந்த பிரச்சனையே வராது. ஆனா ஓஎஃப்டிசி-ல வரிசை தலைகீழ், பாஸ்வேர்ட் முதல்ல நிக் அப்புறம். லிபெராவுக்கு எழுதின ஸ்கிரிப்ட அங்க போட்டு ரெண்டு நாள் முழிக்கறவங்க இருக்காங்க.

"இன்வேலிட் பாஸ்வேர்ட்"னு வந்தா நெஜமாவே பாஸ்வேர்ட் பொருந்தல. காரணம் பல சமயம் கைடு தான். கைடுல பாஸ்வேர்டுங்கற வார்த்தைய ரெண்டு பக்கமும் கோண அடைப்புக்குறி போட்டு எழுதியிருப்பாங்க, இங்க உங்க பாஸ்வேர்ட போடுன்னு அர்த்தம், புதுசா வர்றவர் அந்த குறியையும் சேத்தே அடிச்சு ரெஜிஸ்டர் பண்ணிடுவார். அப்புறம் குறி இல்லாம அடிச்சா எப்படி ஏறும்? குறியோட ஒரு தடவ அடிச்சு பாருங்க, உள்ள போனா உடனே செட் பாஸ்வேர்ட்ல மாத்திடுங்க. பாஸ்வேர்ட் நடுவுல ஸ்பேஸ் வச்சிருந்தாலும் இதே கதை தான், கமாண்ட ஸ்பேஸ் வச்சு தான் பிரிக்கும், அதனால ஸ்பேஸ் இல்லாத பாஸ்வேர்டா பாத்துக்கோங்க. அப்புறம் ஃபோன் கீபோர்ட். முதல் எழுத்த தானா பெருசாக்கும், கடைசியில ஒரு ஸ்பேஸ் சேக்கும். நிக்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது, பாஸ்வேர்டுல உண்டு.

நெஜமாவே மறந்து போச்சுன்னா:

/எம்எஸ்ஜி நிக்செர்வ் சென்ட்பாஸ் குருவி

மெயிலுக்கு ஒரு கீ வரும், அதுல இருக்கற செட்பாஸ் கமாண்ட்ல அந்த கீயையும் புது பாஸ்வேர்டையும் போட்டா முடிஞ்சது. அந்த மெயில் ஐடியே இப்ப இல்லன்னா (காலேஜ் மெயில் குடுத்திருப்பீங்க, படிப்பு முடிஞ்சதும் மூடியிருப்பாங்க) #லிபெரா சேனல்ல போய் ஸ்டாஃப்கிட்ட தான் பேசணும், அவங்க உங்களுது தான்னு நம்பற மாதிரி ஏதாவது காட்டணும், எல்லா நேரமும் நடக்காது. இன்னும் உள்ள போக முடியற நிலைமையில இருக்கீங்கன்னா இப்பவே செட் ஈமெயில் போட்டு மாத்திடுங்க, புது ஐடிக்கு ஒரு வெரிஃபை கோட் வரும், அத முடிக்கற வரைக்கும் பழைய ஐடி தான் கணக்குல இருக்கும்.

உள்ள வந்த கொஞ்ச நேரத்துல கெஸ்ட்டுன்னு ஏதோ நம்பரோட பேர் மாறிடுது

இது கோளாறு இல்ல, பாதுகாப்பு ஒழுங்கா வேலை செய்யுது. அந்த நிக்கோட சொந்தக்காரர் என்ஃபோர்ஸ் போட்டு வச்சிருக்காங்க, 30 செகண்டுக்குள்ள லாகின் ஆகலன்னா பேர பிடுங்கிடும். சொந்தக்காரர் நீங்கன்னா லாகின் ஆயிட்டு ரீகெய்ன் அடிங்க. "டெம்பரரிலி அனவைலபிள்"னு 437 வந்தா நிக்செர்வ் அந்த நிக்க பிடிச்சு வச்சிருக்குன்னு அர்த்தம், ரிலீஸ் குருவின்னு நிக்செர்வ்கிட்ட சொன்னா விட்டுடும். சொந்தக்காரர் நீங்க இல்லன்னா வேற பேர் பாத்துக்கோங்க.

இதுக்கு எதிர்ப்பக்கம் தான் நெறைய பேருக்கு தெரியாது. ரெஜிஸ்டர் பண்ணியும் வேற யாரோ என் நிக்ல சுத்தறாங்க-ன்னு வருவாங்க. லிபெரால ரெஜிஸ்டர் பண்ணது மட்டும் யாரையும் தடுக்காது. இது ரெஜிஸ்டர் ஆன நிக்னு வந்தவருக்கு ஒரு நோட்டீஸ் போகும், அவ்ளோதான், அவர் பாட்டுக்கு உக்காந்திருக்கலாம். நீங்களா போய் போடணும்:

/எம்எஸ்ஜி நிக்செர்வ் செட் என்ஃபோர்ஸ் ஆன்

குரூப் பண்ண எல்லா நிக்குக்கும் சேத்து இது பொருந்தும். ஆனா சாசல் செட் பண்ணாம இத போடாதீங்க, நெட் விட்டு விட்டு வர்ற எடத்துல இருந்தீங்கன்னா ஒவ்வொரு தடவயும் 30 செகண்டுக்குள்ள பாஸ்வேர்ட் அடிக்கற ஓட்டம் ஓடணும், அந்த அவசரத்துல தான் பாஸ்வேர்ட் சேனல்ல விழும். அனோப் நெட்வொர்க்ல இதே வேலைக்கு செட் கில் ஆன்-னு இருக்கும்.

என்ஃபோர்ஸும் ஒரு அளவுக்கு தான். குருவிங்கற சரியான எழுத்த தான் காக்கும், கடைசியில ஒரு கோடு சேத்தோ, ஐ இருக்கற எடத்துல எல் போட்டோ ஒருத்தர் உங்க மாதிரி வந்து பேசினா நிக்செர்வ் கண்டுக்காது. அந்த மாதிரி ஆள் வந்தா /ஹூஈஸ் அடிச்சு அக்கவுண்ட் பேர காட்டுங்க, சேனல் ஆபரேட்டருக்கு அதுவே போதும். இதுக்காக இருபது நிக்க குரூப் பண்ணி பூட்டி வைக்கறது தேவையில்லாத வேலை, நீங்க நெஜமா பயன்படுத்தற ரெண்டு மூணு போதும்.

சிறு வேடிக்கை ஒன்னு: சதுர அடைப்புக்குறியும் நெளிவு அடைப்புக்குறியும் ஐஆர்சி-க்கு ஒரே எழுத்தோட பெரிய வடிவம், சின்ன வடிவம் மாதிரி தான். ஸ்காண்டிநேவிய கீபோர்டுல அந்த எடத்துல அவங்க ஊர் எழுத்து இருந்ததால 1993-ல எழுதின விதியிலயே அப்படி வச்சுட்டாங்க. அதனால சதுர அடைப்போட இருக்கற நிக்க நீங்க ரெஜிஸ்டர் பண்ணா நெளிவு அடைப்போட வர்றதும் உங்களுது தான், தனியா குரூப் பண்ண முயற்சி பண்ணி ஏன் ஆகலன்னு யோசிக்க வேண்டாம்.

904, சாசல் ஆத்தென்டிகேஷன் ஃபெயில்ட்

சாசல்னா எஸ் ஏ எஸ் எல் நாலு எழுத்து. கனெக்ட் ஆகி முடியறதுக்கு முன்னாடியே, நீங்க நெட்வொர்க்குக்குள்ள கால் வைக்கறதுக்கு முன்னாடியே லாகின் நடந்துடும். என்னை கேட்டா ரெஜிஸ்டர் பண்ண அடுத்த நிமிஷம் பண்ண வேண்டிய வேலை இது, மேல சொன்ன சிக்கல்ல பாதி இதுக்கப்புறம் எட்டிப் பாக்காது. சரியா நடந்தா 900-மும் 903-யும் வரும். 904 வந்தா யூசர்நேமோ பாஸ்வேர்டோ தப்பு, அதுல யூசர்நேம் தான் ஆளுங்கள அதிகம் கவுக்குது.

ஹெக்ஸ்சாட்ங்கற க்ளையன்ட்ல சாசல் எடுத்துக்கறது நிக்க இல்ல, யூசர்நேம்ங்கற கட்டத்துல இருக்கறத. அது சாதாரணமா உங்க கம்ப்யூட்டர் லாகின் பேரா இருக்கும். நெட்வொர்க் லிஸ்ட்ல லிபெராவ எடிட் பண்ணி, குளோபல் யூசர் இன்ஃபர்மேஷன்ங்கற டிக்க எடுத்துட்டு, யூசர்நேம்ல அக்கவுண்ட் பேர போடுங்க, லாகின் மெத்தட்ல சாசல் யூசர்நேம் பாஸ்வேர்ட்ங்கறத தேர்ந்தெடுங்க. ஹெக்ஸ்சாட் 2024 பிப்ரவரியோட கடைசி ரிலீஸ்னு சொல்லி நிறுத்திட்டாங்க, ஓடுற வரைக்கும் ஓட்டலாம், புதுசா ஆரம்பிக்கறவங்க வேற பாருங்க.

வீசாட் க்ளையன்ட்ல:

/செட் ஐஆர்சி.செர்வர்.லிபெரா.சாசல்_யூசர்நேம் குருவி
/செட் ஐஆர்சி.செர்வர்.லிபெரா.சாசல்_பாஸ்வேர்ட் பாஸ்வேர்ட்
/சேவ்

நடுவுல லிபெரான்னு இருக்கறது நீங்க செர்வர சேக்கும்போது வச்ச பேர், வேற பேர் வச்சிருந்தா அத போடுங்க. ஐஆர்எஸ்எஸ்ஐ க்ளையன்ட்ல நெட்வொர்க் ஆட் கமாண்ட்லயே சாசல் யூசர்நேம், பாஸ்வேர்ட், மெக்கானிசம் மூணையும் குடுக்கணும், கடைசியில /சேவ் அடிக்கலன்னா அடுத்த தடவ தொறக்கும்போது எதுவும் இருக்காது. ரெண்டுலயும் மாத்தினது உடனே தெரியாது, டிஸ்கனெக்ட் பண்ணி திரும்ப கனெக்ட் ஆனா தான்.

இசட்என்சி வச்சிருக்கறவங்க ரெண்டு பாஸ்வேர்ட குழப்பிக்கறாங்க. உங்க க்ளையன்ட்ல போடற பாஸ்வேர்ட் இசட்என்சி-க்குள்ள நுழையறதுக்கு. லிபெராவோட பாஸ்வேர்ட் இசட்என்சி-கிட்ட இருக்கணும். சாசல் மாட்யூல லோட் பண்ணிட்டு:

/எம்எஸ்ஜி *சாசல் செட் குருவி பாஸ்வேர்ட்

க்ளையன்ட்லயும் சாசல் ஆன் பண்ணி அங்க லிபெரா பாஸ்வேர்ட போட்டா இசட்என்சி தான் அத வாங்கி தப்புன்னு திருப்பி அனுப்பும், நீங்க லிபெராவ திட்டிக்கிட்டு இருப்பீங்க.

பாஸ்வேர்டே வேண்டாம்னு சர்ட்டிஃபிகேட் வச்சு லாகின் ஆகறவங்களும் உண்டு. ஓப்பன்எஸ்எஸ்எல்-ல ஒரு சர்ட்டிஃபிகேட் போட்டு, 6697 போர்ட்ல டிஎல்எஸ்-ஓட (மறைகுறியாக்கின கனெக்ஷன்) கனெக்ட் ஆகி, பாஸ்வேர்ட்ல ஒரு தடவ லாகின் ஆயிட்டு, நிக்செர்வ்கிட்ட செர்ட் ஆட்-னு சொன்னா அந்த சர்ட்டிஃபிகேட்டோட ஃபிங்கர்பிரின்ட்ட (அத அடையாளம் காட்டற கோட்) எழுதி வச்சுக்கும். நேத்து வரைக்கும் தானா லாகின் ஆச்சு இன்னைக்கு ஆகலன்னா, லேப்டாப் மாத்தும்போது அந்த ஃபைல காப்பி பண்ணல, இல்ல புதுசா சர்ட்டிஃபிகேட் போட்டிருக்கீங்க, ஃபிங்கர்பிரின்ட் மாறிடுச்சு. /ஹூஈஸ்ல உங்க ஃபிங்கர்பிரின்ட் தெரியும், செர்ட் லிஸ்ட்ல இருக்கறதோட ஒத்துப் பாருங்க. ஓஎஃப்டிசி-ல தானா லாகின் ஆகணும்னா இந்த சர்ட்டிஃபிகேட் வழி தான் சரி.

கனெக்ட் ஆகவே விடாம சாசல் இருந்தா தான் உள்ள வரலாம்னு சொன்னா நீங்க விபிஎன்லயோ கிளவுட் செர்வர்லயோ டார்ங்கற அடையாளம் மறைக்கற நெட்வொர்க்லயோ இருக்கீங்க, அந்த ஐபி-லேர்ந்து நெறைய தொல்லை வந்ததால பூட்டியிருக்காங்க. அக்கவுண்டே இன்னும் இல்லன்னா முட்டை முதலா கோழி முதலா கதை தான், வீட்டு நெட்லயோ மொபைல் டேட்டாலயோ வந்து ரெஜிஸ்டர் பண்ணிட்டு அங்க போங்க.

லாகின் ஆயிட்டேன், ஆனா சேனல் 477-ன்னு வெளிய நிறுத்துது

லாகின் ஆனவங்களுக்கு மட்டும்னு அந்த சேனல்ல போட்டிருக்காங்க. உங்க க்ளையன்ட் கனெக்ட் ஆன உடனே ஆட்டோ ஜாயின் அடிக்குது, ஐடென்டிஃபை அதுக்கு ஒரு செகண்ட் பின்னாடி போகுது, சேனல் பாக்கும்போது நீங்க யாரோ. ஐடென்டிஃபைய ஆட்டோவா அனுப்பற பழைய முறையில இது வந்துக்கிட்டே தான் இருக்கும், சிலர் ஜாயினுக்கு முன்னாடி பத்து செகண்ட் டிலே வச்சு சமாளிப்பாங்க. சாசல் போட்டா தேவையில்ல.

ஐபி அட்ரஸ் வெளிய தெரியறதும் இதே மாதிரி தான். லிபெரால #லிபெரா-க்ளோக் சேனலுக்கு போய் ஆச்சரியக்குறி போட்டு க்ளோக்மீ-ன்னு அடிச்சா உங்க ஐபி-ய மறைக்கற க்ளோக் குடுப்பாங்க, ஆனா அது லாகின் ஆனப்புறம் தான் மேல விழும். சாசல் இல்லாம வந்தா லாகின் ஆகறதுக்குள்ள சேனல்ல இருக்கற எல்லாரும் ஐபி-ய பாத்திருப்பாங்க.

"எரோனியஸ் நிக்நேம்"

432. நம்பர்ல ஆரம்பிச்சிருப்பீங்க, ஸ்பேஸோ புள்ளியோ வச்சிருப்பீங்க, இல்ல தமிழ் எழுத்துல நிக் வைக்க பாத்திருப்பீங்க. லிபெரால நிக் ஆங்கில எழுத்து, நம்பர், சில குறிகள்ல தான் இருக்க முடியும். சேனல்ல தமிழ்ல பேசறதுக்கு ஒரு தடையும் இல்ல, பேர் மட்டும் தான் இப்படி. எர்கோ மாதிரி புது செர்வர் சாஃப்ட்வேர் ஓடுற எடத்துல யூனிகோட் நிக் வைக்க முடியும். நீளமும் ஒரு அளவு தான், பழைய விதியில 9 எழுத்து, லிபெரால 16.

நிக்செர்வ் பதிலே சொல்லல, இல்ல நிக்செர்வ்னு ஒருத்தர் பாஸ்வேர்ட் கேக்கறார்

"சர்வீசஸ் ஆர் கரன்ட்லி அனவைலபிள்"னு வந்தா நெட்ஸ்ப்ளிட்ல (செர்வருங்களுக்கு நடுவுல இணைப்பு அறுந்து போறது) சர்வீஸ் செர்வர் கழண்டு போயிருக்கு, நீங்க ஒன்னும் பண்ண முடியாது, காத்திருங்க. அந்த நேரத்துல என்ஃபோர்ஸும் வேலை செய்யாது.

ரெண்டாவது தான் ஆபத்து. நிக்செர்வ் தானா வந்து லாகின் ஆகச்சொல்லி நோட்டீஸ் போடும், ஆனா பிரைவேட் விண்டோ தொறந்து "உங்க பாஸ்வேர்ட் எக்ஸ்பயர் ஆகுது, இங்க அனுப்புங்க"ன்னு கெஞ்சாது, ஸ்டாஃபும் பாஸ்வேர்ட் கேக்க மாட்டாங்க. சந்தேகம்னா /ஹூஈஸ் நிக்செர்வ் அடிங்க, நெசமான ஆளா இருந்தா நெட்வொர்க் சர்வீஸ்னு வரும். டால்நெட்ல இதுக்காகவே நிக்செர்வ்னு மட்டும் அடிக்க கூடாது, நிக்செர்வ்@சர்வீசஸ்.டால்.நெட்-னு முழுசா அடிக்கணும், வேற யார்கிட்டயும் போகாது.

ஒரு வருஷம் கழிச்சு வந்தேன், நிக்க வேற யாரோ வச்சிருக்காங்க

ரொம்ப நாள் யாரும் தொடாத நிக் காலாவதி ஆயிடும், எவ்ளோ நாள்னு நெட்வொர்க்குக்கு நெட்வொர்க் மாறும், வாரக்கணக்கு தான், வருஷக்கணக்கு இல்ல. காலாவதி ஆன நிக்க வேற ஒருத்தர் கேட்டு ஸ்டாஃப் குடுத்திருந்தா திரும்ப வாங்கறது நடக்காது. அவ்வப்போது அந்த நிக்ல வந்து லாகின் ஆகறது தான் வழி, குரூப் பண்ண ஒவ்வொரு நிக்குலயும் தனித்தனியா வரணும், அக்கவுண்ட்ல மட்டும் லாகின் ஆயிருந்தா பத்தாது. நீங்க ஆசப்படற நிக்க வேற யாரோ வச்சுக்கிட்டு காணாம போயிருந்தா இன்ஃபோ குருவின்னு நிக்செர்வ்கிட்ட கேளுங்க, கடைசியா எப்ப பாத்துச்சுன்னு சொல்லும், நாள் தாண்டியிருந்தா #லிபெரால கேக்கலாம்.

பேர் மாத்த ஆசப்பட்டு ட்ராப் கமாண்ட தொடாதீங்க. அக்கவுண்டே போயிடும், அதோட நீங்க ஆரம்பிச்ச சேனலோட உரிமையும் போகும், ஏன்னா சேனல் அக்கவுண்ட் பேர்ல இருக்கு. புது நிக்க குரூப் பண்ணிட்டு செட் அக்கவுண்ட்நேம் புதுநிக்-னு அடிங்க, பழசு வேண்டாம்னா அன்குரூப் பண்ணுங்க.

ஃப்ரீநோட்ல பத்து வருஷமா என் பேர்ல இருந்துச்சே

2021 மே 19 அன்னைக்கு ஃப்ரீநோட்ங்கற பழைய ஐஆர்சி நெட்வொர்க்கோட நிர்வாகச் சண்டையில அங்க இருந்த வாலண்டியர் ஸ்டாஃப் கூட்டமா விலகி லிபெராவ ஆரம்பிச்சாங்க. அந்த நிக் விவரம் எதுவும் லிபெராவுக்கு வரல, எல்லாரும் புதுசா தான் ரெஜிஸ்டர் பண்ணாங்க. அடுத்த மாசமே ஃப்ரீநோட் வேற சாஃப்ட்வேருக்கு மாறினப்ப பழைய நிக், சேனல் பதிவு எல்லாத்தையும் விட்டுட்டாங்க. ஆக அந்த பாஸ்வேர்ட வச்சு எங்கயும் எதுவும் தொறக்காது, முதல்லேர்ந்து தான். ஒரு நெட்வொர்க்ல ரெஜிஸ்டர் பண்ணது இன்னொன்னுல செல்லாதுங்கறதும் இதுலயே அடக்கம், லிபெரால குருவி நீங்க, ஓஎஃப்டிசி-ல குருவி யாரோ.

ஈஎஃப்நெட், ஐஆர்சிநெட் ரெண்டுலயும் நிக்செர்வே கிடையாது, அங்க "நோ சச் நிக்"னு 401 வந்தா சரியா தான் சொல்லுது, தேடாதீங்க. குவேக்நெட்ல க்யூ, அண்டர்நெட்ல எக்ஸ்னு அக்கவுண்ட் பாட் இருக்கும், சேனல் உரிமைக்கு தான், நிக்க காக்காது.

இதுல எதுலயும் பொருந்தாத சிக்கல்னா, நீங்க அடிச்ச கமாண்டையும் வந்த மெசேஜையும் நம்பரோட அப்படியே காப்பி பண்ணி #லிபெரா சேனல்ல போடுங்க, "வேலை செய்யல"ன்னு மட்டும் சொன்னா திரும்ப அதையே தான் கேப்பாங்க. ஒட்டறதுக்கு முன்னாடி அதுல பாஸ்வேர்ட் இருக்கான்னு பாத்துட்டு எடுத்துடுங்க.